21 சதவீதம் காட்டிய கார் ஒரே நிமிடத்தில் 8 காட்டுகிறது: பேட்டரி போய்விட்டதா, விற்றுவிடலாமா?

அருப்புக்கோட்டைவாசி:

வணக்கம். 2023 ஜூனில் வாங்கிய மின்சார கார். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி, சுமார் 30 யூனிட் கொள்ளளவு. இதுவரை 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் மதுரை போய்வருவேன், போக வர 100 கிலோமீட்டர். புதிதில் ஏசி போட்டும் 200 கிலோமீட்டர் தாராளமாகக் கொடுத்தது.

போன வியாழக்கிழமை திரும்பி வரும்போது பாளையம்பட்டி நெருங்கையில் திரையில் 21 சதவீதம். ஒரு லாரியை முந்திவிட்டுப் பார்க்கிறேன், 8. ஆமை படமும் வந்துவிட்டது, மிதித்தாலும் வேகம் எடுக்கவில்லை. பின்சீட்டில் அம்மா. ஏசியை நிறுத்தி, ஓரமாகவே உருட்டி வீடு சேர்த்தேன். இறங்கிய பிறகும் படபடப்பு அடங்கவில்லை.

வாங்கிய இடத்தில் காட்டினேன். அவர்கள் கருவியைச் செருகிக்கூடப் பார்க்கவில்லை. பழைய மாடல் சார், எக்ஸ்சேஞ்ச் போட்டுவிடுங்கள் என்று 4.5 லட்சம் விலை சொன்னார்கள். மச்சானும் அதையேதான் சொல்கிறார்: இதெல்லாம் போன் மாதிரி, மூன்று வருடத்தில் மாற்றிவிட வேண்டுமாம். தூத்துக்குடியில் தயாராகும் வின்ஃபாஸ்ட் விஎஃப் 6-இல் 59.6 யூனிட் பேட்டரி. அதைப் பார்த்த பிறகு என் கார் பொம்மை மாதிரி தெரிகிறது. ஆனால் கடன் இன்னும் இரண்டு வருடம் பாக்கி. என்ன செய்வது?

இன்னொரு சின்னத் தொந்தரவு: ஏப்ரலிலிருந்து வீட்டு சார்ஜர் செருகினால் பத்து நிமிடத்தில் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடுகிறது. அதனால் மதுரை ரிங் ரோட்டில் வேகமாக ஏற்றும் டிசி சார்ஜரில் 80 வரை ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

வேகமானி:

எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அப்புறம் விலை இன்னும் இறங்கிவிட்டது. கிடைத்ததை வாங்கிக்கொண்டு தள்ளிவிடுங்கள்.

செல்_எண்ணுபவன்:

அவசரப்படாதீர்கள் சார். சின்னத் தொந்தரவு என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் பிரச்சினையே அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எல்எஃப்பி செல்லின் மின்னழுத்தம் நடுப்பகுதியில் கிட்டத்தட்ட சமதரை மாதிரி இருக்கும். 80 சதவீதத்தில் இருந்தாலும் 30-இல் இருந்தாலும் ஒரு செல் 3.2, 3.3 வோல்ட் பக்கத்திலேயே நிற்கும். அதை அளந்து எவ்வளவு மிச்சம் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் காரின் பேட்டரி மேலாண்மை, உள்ளே போன மின்சாரத்தையும் வெளியே போனதையும் கூட்டிக் கழித்துத்தான் சதவீதம் சொல்கிறது. கடைக்காரர் கல்லாவைத் திறக்காமல் நோட்டுப் புத்தகத்தை வைத்தே இருப்பைச் சொல்வது போல. ஒவ்வொரு நாளும் சிறு பிழை சேரும். பேட்டரி 100 ஆகும்போது மின்னழுத்தம் செங்குத்தாக ஏறும், அப்போதுதான் கணக்கு நேராகும், செல்களும் சமமாகும்.

நீங்கள் எத்தனை வாரமாக 100 ஏற்றவில்லை? டிசி நிலையத்தில் 80-க்கு மேல் வேகம் குறைந்துவிடும் என்று எல்லோரும் 80-இலேயே கழற்றிவிடுவோம். தேய்ந்துபோன பேட்டரி என்றால் தூரம் மெல்ல மெல்லக் குறையும். 21-இலிருந்து 8-க்குக் குதிக்கிறது என்றால் முதலில் கணக்குப் பிழையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மச்சானுக்கு ஒரு கணக்கு. ஒரு முழுச் சார்ஜுக்கு 200 கிலோமீட்டர் என்றால் 41,000 கிலோமீட்டர் சுமார் 205 முழுச் சுற்று. போன் பேட்டரி 500, 800 சுற்றில் களைத்துவிடும், சரிதான். எல்எஃப்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளைத் தாங்கும். இது இன்னும் குழந்தை சார்.

நிக்கல் கலந்த என்எம்சி பேட்டரி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தினமும் 100 ஏற்ற வேண்டாம். அதற்கு அன்றாடம் 80 போதும்.

சாத்தூர்_வயர்மேன்:

இருபத்தி இரண்டு வருடமாக வீட்டு வயரிங் பார்க்கிறேன். சிவப்பு விளக்கை மட்டும் நான் சொல்கிறேன்.

உங்கள் ஊர் கரிசல் மண். ஏப்ரல், மே மாதத்தில் பாளம் பாளமாக வெடிக்கும். எர்த் குழியைப் போய்ப் பாருங்கள் தம்பி, பைப்பைச் சுற்றி மண் விலகி இடைவெளி விட்டிருக்கும். பைப்பும் மண்ணும் ஒட்டவில்லை என்றால் எர்த் இல்லை. ஃபேன், லைட், ஃபிரிட்ஜ் எல்லாம் எர்த் இல்லாமலும் ஓடும், அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. காரின் சார்ஜர் மட்டும் எர்த்தைச் சோதித்துப் பார்த்துக்கொண்டேதான் மின்சாரம் விடும். அது கெட்டுப்போகவில்லை, அதன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

மல்டிமீட்டர் வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் எவ்வளவு என்று பார்த்து எழுதுங்கள். 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

ஒன்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பிளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரில் இணைத்துவிட்டால் சார்ஜ் ஏறும் என்று யாராவது சொல்வார்கள். ஏறும். ஆனால் தெருவில் நியூட்ரல் அறுந்த அன்று காரின் உடம்பு முழுக்கக் கரண்ட் நிற்கும். கதவைத் தொடுவது உங்கள் பிள்ளையாக இருக்கலாம். செய்யவே செய்யாதீர்கள்.

அருப்புக்கோட்டைவாசி:

அண்ணே, அளந்தேன். 27 வோல்ட்!

குழி மூடியைத் தூக்கிப் பார்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. என் சுண்டுவிரல் முழுசாக உள்ளே போகும் அளவுக்குப் பைப்பைச் சுற்றி வெடிப்பு. பைப்பின் கழுத்தில் துரு பிடித்து, எர்த் கம்பியின் போல்ட்டைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. வீடு கட்டிய 2009-இல் போட்டது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் சரியாகுமா?

சாத்தூர்_வயர்மேன்:

ஊற்றினால் நாலு நாள் ஓடும், அப்புறம் மறுபடி வெடிக்கும். போல்ட்டே கழன்றுவிட்டது என்றால் புதிதாகப் போடுவதுதான் வழி. எட்டு அடி ஆழம் இறக்குங்கள். சுற்றிலும் பெண்டோனைட் என்ற களிமண் கலவை போடச் சொல்லுங்கள், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கரியும் உப்பும் போடுவது பழைய முறை, தப்பில்லை, ஆனால் உப்பு பைப்பை அரிக்கும். அங்கிருந்து கார் சாக்கெட்டுக்குத் தனி எர்த் கம்பி. வேலை முடிந்ததும் எர்த் டெஸ்டர் வைத்து அளந்து 5 ஓமுக்குக் கீழே காட்டினால்தான் காசைக் கொடுங்கள்.

சந்தை_கவனிப்பவர்:

நடுவில் ஒரு வார்த்தை, ஏனென்றால் புது மாடல் ஏக்கம் எனக்கும் உண்டு.

2020 ஜனவரியில் டாடா நெக்ஸான் ஈவி 30.2 யூனிட்டுடன் வந்தபோது நம் நாட்டில் அதுவே பெரிய சேதி. 2024 நவம்பரில் மஹிந்திரா சென்னையில் மேடை போட்டு 59, 79 யூனிட் வண்டிகளைக் காட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் எம்ஜி விண்ட்சர், பேட்டரியை வாடகைக்குத் தருகிறோம், ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வந்தது. 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்டின் தூத்துக்குடி ஆலை திறந்தது, செப்டம்பரில் விஎஃப் 6-உம் 7-உம் விற்பனைக்கு வந்தன. உலக அளவில் 2023-இன் கடைசி மூன்று மாதத்தில் முழு மின்சார கார் விற்பனையில் சீனாவின் பிஒய்டி டெஸ்லாவைத் தாண்டியது. அதன் பிறகும் சீனாவில் விலையை வெட்டிக்கொண்டேதான் இருந்தார்கள், 2025 மே மாதத்தில் பிஒய்டி சில மாடல்களில் 34 சதவீதம் வரை குறைத்தது.

இந்தப் போட்டியால் வாங்குகிறவனுக்கு லாபம், வாங்கி முடித்தவனுக்கு வயிற்றெரிச்சல். புது வண்டியின் விலை இறங்கினால் பழையதின் விலை அதைவிட வேகமாக இறங்குகிறது. அமெரிக்காவில் ஹெர்ட்ஸ் வாடகைக் கார் நிறுவனம் 2024 ஜனவரியில் 20,000 மின்சார கார்களை விற்றுத் தள்ள முடிவெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால்தான் சொல்கிறேன், இந்த மூன்றாவது வருடம் விற்பதற்கு மிக மோசமான நேரம். விழ வேண்டிய விலை பெரும்பாலும் விழுந்துவிட்டது, நஷ்டத்தை ஏற்கெனவே சுமந்துவிட்டீர்கள். இனிமேல் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் உங்களுக்கு மிச்சம். பேட்டரி உத்தரவாதத்தையும் எடுத்துப் பாருங்கள். நீங்கள் வாங்கிய சமயத்தில் பெரும்பாலான நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் தந்தன. கிலோமீட்டர் கணக்கில் உங்களுக்கு அதில் கால்வாசிதான் தீர்ந்திருக்கிறது.

100 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு 59 யூனிட் தேவையும் இல்லை. சென்னைக்கு அடிக்கடி போகிறவர் என்றால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

செல்_எண்ணுபவன்:

எர்த் சரியானதும் 10 சதவீதம் வரை ஓட்டிவிட்டு வீட்டிலேயே 100 வரை ஏற்றுங்கள். 100 வந்த பிறகும் சார்ஜர் தானாக நிற்கும்வரை கழற்ற வேண்டாம். முதல் தடவை கணக்கு ஒத்துவராது, ஏனென்றால் அந்த 10-ஏ பொய்யாக இருக்கலாம். இரண்டாவது தடவை மீட்டரில் ஏறிய யூனிட்டைக் குறித்து அனுப்புங்கள்.

அருப்புக்கோட்டைவாசி:

பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

புது எர்த் போட்டாயிற்று, சாமானும் கூலியும் சேர்த்து 6,200 ரூபாய். நியூட்ரல், எர்த் நடுவில் இப்போது 1.4 வோல்ட். டெஸ்டரில் 2.8 ஓம். சார்ஜரில் பச்சை விளக்கு. அதைப் பார்த்ததும் வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

முதல் தடவை ஏற்றியபோது 99-இல் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே நின்றது. கழற்றிவிடலாமா என்று இரண்டு முறை கை போனது, நீங்கள் சொன்னதால் விட்டுவிட்டேன். விடியற்காலை ஐந்தே காலுக்குத்தான் நின்றது. இரண்டாவது தடவை 9 சதவீதத்திலிருந்து 100 வரை. மீட்டரில் 30.3 யூனிட்.

செல்_எண்ணுபவன்:

சார்ஜரில் சூடாகப் போவது சுமார் 12 சதவீதம் என்று கழித்தால் பேட்டரிக்குள் போனது 26.7. அது 91 சதவீதத்துக்கு. முழுசாகக் கணக்கிட்டால் 29 யூனிட்டுக்கு மேல். மூன்று வருட வண்டிக்கு அருமை சார்! வாரம் ஒரு தடவை 100 ஏற்றிக்கொள்ளுங்கள், மற்ற நாள் உங்கள் வசதிப்படி.

அருப்புக்கோட்டைவாசி:

நேற்று அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு மதுரை கூட்டிப்போய்த் திரும்பினேன். ஏசி முழு நேரமும் ஓடியது. பாளையம்பட்டியில் 51, வீட்டு வாசலில் 49. எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்த முன்பணம் 5,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். சாத்தூர் அண்ணே, மழைக்காலத்தில் குழிக்குள் தண்ணீர் நின்றால் பரவாயில்லையா?

சாத்தூர்_வயர்மேன்:

நிற்கட்டும் தம்பி, நல்லதுதான். ஐப்பசியில் மூடியைத் திறந்து போல்ட்டை மட்டும் ஒரு தடவை இறுக்கி, கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுங்கள்.