48 கோரில் ஓடியதை விட 192 கோரில் மெதுவாக ஓடுகிறது, எங்கே தப்பு?

தாழங்குப்பம் பையன்:

எல்லோருக்கும் வணக்கம். நீரியலில் முனைவர் பட்ட ஆய்வு, மூன்றாம் வருடம். கொசஸ்தலையாறு எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைச் சேரும் பகுதிக்கு வெள்ள மாதிரி ஒன்று போட்டிருக்கிறேன். பூண்டி நீர்த்தேக்கத்தில் இவ்வளவு திறந்தால், ஓதம் இவ்வளவு ஏறியிருந்தால், முகத்துவாரம் மணலில் அடைபட்டிருந்தால் தண்ணீர் எந்தத் தெரு வரை ஏறும் என்று பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து எங்கள் பக்கத்துக் குப்பங்களுக்குள் வந்தது, படகும் வலையும் கறுப்பாகக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் இந்தத் தலைப்பையே எடுத்தேன்.

இப்போது பிரச்சினை. மாதிரியில் ஆற்றையும் நிலத்தையும் வலை மாதிரி 60,000 முக்கோணங்களாகப் பிரித்திருக்கிறேன், மூன்று நாள் வெள்ளம், ஃபோர்ட்ரானில் எழுதி, வேலையைப் பல கோர்களுக்குப் பிரிக்க எம்பிஐ போட்ட புரோகிராம் (சிபியூ கோடு). கல்லூரி கிளஸ்டரில் (நெட்வொர்க்கில் இணைத்த கணினிகள்) ஒரு நோடுக்கு, அதாவது ஒரு கணினிக்கு, தனித்தனியாகக் கணக்குப் போடும் 48 கோர். ஒரு நோடில் போட்டால் 2 மணி 20 நிமிடம். நான்கு நோடு எடுத்து 192 கோரில் போட்டால் அரை மணியில் முடியும் என்று நினைத்தேன், 3 மணி 50 நிமிடம் ஆகிறது! அதோடு நான்கு நோடு கேட்டால் கியூவில் இரண்டு நாள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. திருச்சி என்ஐடியில் பரம் பொருள் என்ற சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கிறதே, பெரிய மெஷின், அங்கே நேரம் கேட்போமா என்கிறார் கைடு. எனக்கு மொத்தம் 120 நிலைமைகள் ஓட்ட வேண்டும். கோடில் தப்பா, கிளஸ்டரில் தப்பா, என்னிடமா?

திருவொற்றியூர் தேரடி:

தம்பி, கோடிலும் தப்பில்லை, கிளஸ்டரிலும் தப்பில்லை. 60,000 முக்கோணத்தை 192 ஆல் வகுத்துப் பாருங்கள், ஒரு கோருக்கு 312 தான் வருகிறது. ஒவ்வொரு காலப்படியிலும் (கணக்கு நேரத்தில் முன்னே வைக்கும் ஒவ்வொரு சின்ன அடியிலும்) ஒவ்வொரு கோரும் தன் எல்லையில் இருக்கும் முக்கோணங்களின் நீர்மட்டத்தையும் வேகத்தையும் பக்கத்துக் கோருக்கு அனுப்பி, அங்கிருந்து வருவதற்குக் காத்திருந்து, அப்புறம்தான் அடுத்த படிக்குப் போக முடியும். 312 முக்கோணத்தின் கணக்கு கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், மீதி நேரமெல்லாம் காத்திருப்புதான், அதுவும் நோடு விட்டு நோடு போகும்போது நெட்வொர்க் வழியாகப் போக வேண்டும். ஒரே நோடுக்குள் இருந்தவரை இது மெமரி வழியாக நடந்ததால் உங்களுக்குத் தெரியவில்லை. கணினி வல்லுநர் ஆம்டால் 1967-லேயே சொன்ன கணக்கு இருக்கிறது, பிரிக்க முடியாத வேலை 5 சதவீதம் இருந்தாலே எத்தனை கோர் போட்டாலும் 20 மடங்கைத் தாண்டாது. அந்தக் கணக்கு இந்தப் பேச்சுவார்த்தை நேரத்தைச் சேர்க்கவே இல்லை, அதையும் சேர்த்தால் உங்களுக்கு நடந்த மாதிரி கீழேயே இறங்கும்.

இன்னொன்று கேட்க வேண்டும். உங்கள் வலையில் மிகச் சிறிய முக்கோணம் என்ன அளவு? பாலத் தூண்களைச் சுற்றி 2 மீட்டர் போட்டிருப்பீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். 4 மீட்டர் ஆழத்தில் அலை நொடிக்கு 6 மீட்டருக்கு மேல் ஓடும், நீரோட்டம் 2 மீட்டர் சேர்த்தால் 8 சொச்சம். அந்த அலை ஒரு காலப்படியில் ஒரு முக்கோணத்தைத் தாண்டக்கூடாது, ஆக 2 மீட்டர் முக்கோணத்துக்குப் படி கால் நொடிதான் வரும். அந்த நாலு தூணுக்காக மொத்த 60,000 முக்கோணமும் மூன்று நாள் வெள்ளத்தில் பத்து லட்சம் படிக்கு மேல் நடக்கிறது. அங்கே 8 மீட்டர் ஆக்கி, தூணின் தடையை உராய்வு எண்ணில் சேர்த்துப் பாருங்கள். எந்த கிளஸ்டரும் தராத நாலு மடங்கு இதிலேயே கிடைக்கும்.

வண்ணாரப்பேட்டை செல்வி:

தேரடி அண்ணன் சொன்னது சரி, ஆனால் முதலில் வலையைத் தொடாதீர்கள், அளந்து பாருங்கள். அதே மாதிரியை 6, 12, 24, 48 கோரில் ஓட்டி நேரத்தை எழுதுங்கள், முழு மூன்று நாள் வேண்டாம், அரை நாள் வெள்ளம் போதும். உங்களுக்கு வேண்டியது ஒரு ஓட்டம் சீக்கிரம் முடிவதா, 120 ஓட்டமும் சீக்கிரம் முடிவதா? இரண்டுக்கும் விடை வேறு. 192 கோரில் ஒரு ஓட்டத்துக்கு 736 கோர் மணி (கோர் எண்ணிக்கையை மணியால் பெருக்கியது) செலவு, 48-ல் 112. இன்னும் குறைந்த கோரில் ஒரு ஓட்டம் இழுத்தாலும் கோர் மணி இறங்கும். 120 ஓட்டமும் ஒன்றுக்கொன்று பேச வேண்டியதில்லை, கியூவை நடத்தும் ஸ்லர்ம் மென்பொருளில் அர்ரே ஜாபாக, அதாவது ஒரே கட்டளையில் 120 தனி ஓட்டமாகப் போட்டு ஒரே நேரத்தில் 20 மட்டும் ஓடு என்று வரம்பு வையுங்கள், கியூவில் இருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் இடம் இருக்கும்.

காத்திருப்பு பற்றி. ஜாபுக்கு எவ்வளவு நேரம் கேட்கிறீர்கள்? பயத்தில் ஏழு நாள் என்று போட்டிருந்தால் அதுதான் காரணம். காசிமேட்டில் பெரிய விசைப்படகுக்கு இடம் காலியாகும் வரை நடுவில் ஃபைபர் படகு வந்து மீனை இறக்கிவிட்டுப் போகுமே, ஸ்லர்மும் அப்படித்தான் சின்ன ஜாப்களை இடுக்கில் செருகும், ஆனால் உங்கள் ஜாப் எப்போது முடியும் என்று நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். ஏழு மணி நேரத்தில் முடிவதற்கு எட்டு கேளுங்கள்.

மணலி 21:

ஒரு கேள்வி, ரிசல்ட்டை எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை எழுதுகிறீர்கள்? ஒவ்வொரு கோரும் தனி ஃபைலா? எனக்கு இதில்தான் ஒரு மாதம் போனது. உங்கள் கணக்கில் நிமிடத்துக்கு ஒன்று என்றால் 4320 முறை, 192 கோரும் தனித்தனியாக என்றால் 8 லட்சம் ஃபைலுக்கு மேல். கிளஸ்டர்களில் இருக்கும் லஸ்டர் மாதிரி ஃபைல் சிஸ்டம் பெரிய ஃபைலுக்குத்தான் வேகம், குட்டி ஃபைலை லட்சக்கணக்கில் திறந்து மூடினால் எந்த ஃபைல் எங்கே என்று கணக்கு வைக்கும் அதன் மெட்டாடேட்டா சர்வர் திணறும், உங்களோடு சேர்த்து எல்லோருடைய வேலையும் நிற்கும். அப்புறம் ஸ்கிராட்சில் (கிளஸ்டரின் தற்காலிகச் சேமிப்பிடம்) இருப்பதை வேலை முடிந்த அன்றே வேறு இடத்துக்கு எடுத்துவிடுங்கள், பல இடங்களில் சில வாரத்தில் அழித்துவிடுவார்கள்.

பைத்தானில் படம் வரையும்போது திரெட் (ஒரு பிராசசுக்குள் இணையாக ஓடும் வேலை) எண்ணிக்கையை ஒன்று என்று வையுங்கள். பைத்தானின் எண் கணக்கு நூலகமான நம்பை தானாக 48 திரெட் திறக்கும், நீங்கள் 48 பிராசஸ் திறந்திருப்பீர்கள், மொத்தம் 2304 ஒரே நோடில் முட்டிக்கொள்ளும்.

தாழங்குப்பம் பையன்:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மணலி அண்ணே, நிமிடத்துக்கு ஒன்றுதான், தனித்தனி ஃபைல்தான். 15 நிமிடத்துக்கு ஒன்றாக, ஒரே ஃபைலாக மாற்றினேன். அதிகபட்ச ஆழம் மட்டும் கடைசியில் ஒரு முறை எழுதினால் எனக்குப் போதும். செல்வி அக்கா சொன்ன அளவீட்டில் 12 கோரில் 5 மணி நேரம், அதாவது 60 கோர் மணி. ஒரு நோடில் நாலு ஓட்டம் சேர்த்துப் போட்டால் மெமரிக்குப் போட்டி வந்து 5 மணி 40 ஆகிறது, பரவாயில்லை. 20 வரம்பு வைத்து அர்ரே போட்டேன், நேரம் 8 மணி என்று கொடுத்ததும் அன்று இரவே தொடங்கிவிட்டது. 120-ம் ஒன்றரை நாளில் முடிந்தது. வலையை இன்னும் தொடவே இல்லை. தூண் பக்கம் 2 மீட்டர் என்று அண்ணன் சரியாகப் பிடித்தீர்கள், அடுத்து அதுதான்.

இந்த எண்களைக் காட்டியதும் கைடு திருச்சிக்கு எழுதும் யோசனையை விட்டுவிட்டார், பழவேற்காடு வரை மாதிரியை நீட்டும்போது பார்ப்போம் என்றார். ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குப்பம் போகிறேன். சில வீட்டுச் சுவரில் எண்ணெய்க் கோடு இன்னும் போகவில்லை, வெள்ளம் எவ்வளவு ஏறியது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. டேப் எடுத்துப் போய் அளந்து மாதிரியோடு ஒப்பிடப் போகிறேன்.

திருவொற்றியூர் தேரடி:

நல்ல காரியம். டேப் மட்டும் போதாது தம்பி, வீட்டுத் தரையிலிருந்து அளந்தால் தரையே வீட்டுக்கு வீடு மாறும். சிவில் துறையில் ஒரு லெவல் கருவி வாங்கிப் போய் கடல் மட்டத்தோடு இணைத்து எடுங்கள், பிடிக்க ஆள் வேண்டும் என்றால் காலையில் நான் வருகிறேன்.