அம்மாவுக்கு ஏற்ற கடவுச்சொல்: வழி சொல்லுங்கள்

வணக்கம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அம்மா பூக்கடை வைத்திருக்கிறார். வயது 64. போன மாதம் அவருடைய மின்னஞ்சலுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். என் பெயரோடு பிறந்த வருடத்தைச் சேர்த்து, அதே கடவுச்சொல்லை எல்லாக் கணக்குக்கும் வைத்திருந்தார். கணக்கை மீட்டுவிட்டோம். வங்கிக்கும் சொல்லிவிட்டோம், பணம் போகவில்லை.

சிக்கல் அதற்கப்புறம்தான். குறியீடுகளைத் திணித்த குட்டிச் சொல்லைவிட நீளமானதே பலம் என்பதால், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்துக் கொடுத்தேன். சொற்களை அம்மா மறக்கவே இல்லை. எழுத்துதான் மாறுகிறது. 'ழ' வந்தால் ஒருநாள் இசட் எச், மறுநாள் வெறும் எல். நெடிலுக்கு ஒரு ஏயா, இரண்டா என்று விரல் அப்படியே நின்றுவிடும். மூன்று வாரத்தில் நான்கு முறை கணக்கு பூட்டிக்கொண்டது.

கடவுச்சொற்களைச் சேமிக்கும் செயலியும் போட்டுப் பார்த்தேன். கைப்பேசி சாம்சங் கேலக்சி ஏ14. வருடக்கணக்காக ஈரக்கையோடு சரம் தொடுத்துத் தேய்ந்த விரல், ரேகை பதிய மாட்டேன் என்கிறது. நோட்டில் எழுதிக் கொடுத்தால் அது கல்லாப்பெட்டி பக்கத்தில் திறந்து கிடக்கிறது. இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டாயிற்று, ஆனால் கடவுச்சொல்லைத் தாண்டினால்தானே அது வரும். எனக்கு வேலை பினாங்கில், ஒவ்வொரு முறையும் ஓடி வர முடியவில்லை.

எழுத்துக்கூட்டல் குழம்பாமல் அம்மா தானே தட்டக்கூடிய, பிறர் ஊகிக்க முடியாத கடவுச்சொல்லை எப்படி அமைத்துக் கொடுப்பது?