"ஆபத்தான பிரதேசம்" வேண்டாம், "வெடிவளி வலயம்" எப்படி?

எல்லாருக்கும் வணக்கம்.

வெடிக்கக்கூடிய ஆவியோ தூசோ நிற்கும் இடத்தை ஆங்கிலத்தில் "ஹசாடஸ் ஏரியா" (hazardous area) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் கேள்வி, சிலர் ஏற்கனவே சொற்கள் சொல்லியிருக்கிறீர்கள். இந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொழும்புக்கு வெளியே, களனிப் பக்கம், பெயின்ட் செய்யும் இடமொன்றில் மின் பராமரிப்புப் பார்க்கிறேன். தின்னர் டிரம்கள் அடுக்கிய ஸ்டோர் வாசலில் மும்மொழிப் பலகை. தமிழில் "ஆபத்தான பிரதேசம்" என்றிருக்கிறது. கிளிநொச்சியிலிருந்து புதிதாக வந்த தம்பி அதைப் பார்த்துவிட்டு, "அண்ணை, இஞ்சையும் மிதிவெடியோ?" என்றான். சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் அதே தம்பி உள்ளே போய், டிரம்மின் மூடியைத் திறந்து, எவ்வளவு மிச்சம் என்று பார்க்க போனில் டோர்ச் அடித்தான். ஓடிப்போய்த் தடுத்தேன். பலகையை அவன் படிக்காமல் இல்லை. படித்ததில் போனைப் பற்றி எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

இங்கே பேசப்படும் ஆபத்து மிகக் குறுகியது. கொதிநீர்க் குழாயும் அமிலத் தொட்டியும் உயர் அழுத்த மின்கம்பியும் ஆபத்துத்தான், ஆனால் அவை இந்த வகைப்பாட்டுக்குள் வராது. எரியக்கூடிய வாயுவோ ஆவியோ தூசோ காற்றோடு கலந்து, ஒரு பொறி பட்டால் வெடிக்கும் அளவில் நிற்கக்கூடிய இடம் மட்டுமே வரும். அங்கே எந்த சுவிட்ச், எந்த மோட்டார், எந்த விளக்குப் போடலாம் என்று தீர்மானிக்கத்தான் இப்படிப் பிரிக்கிறார்கள். ஆகவே "ஆபத்தான", "அபாயகரமான" என்று எதைப் போட்டாலும் சொல் தேவைக்கு மேல் அகன்றுவிடுகிறது.

சென்னை நண்பர் "இடர்ப் பகுதி" என்றார். அழகான சொல். ஆனால் இங்கே இடர் என்றால் வங்கியும் காப்புறுதியும்தான் நினைவுக்கு வரும். "அவதானப் பகுதி" என்றவருக்கும் ஒரு வார்த்தை: தமிழில் அவதானம் என்றால் கவனம். சிங்களத்தில் ஏறக்குறைய அதே ஒலியுள்ள "அவதானம" என்பது இடரைக் குறிக்கும். இரண்டு மொழியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் பலகையில் அந்தக் குழப்பம் வேண்டாமே.

நான் முன்வைப்பது "வெடிவளி". நம் பள்ளிப் புத்தகங்களில் வளி என்றால் காற்று, வாயு வேறு. அதனால்தான் வெடிவாயு என்று சொல்லவில்லை. மா ஆலையிலும் சீனி அரைக்கும் இடத்திலும் வெடிப்பது வாயு அல்ல, காற்றில் மிதக்கும் தூசு. வெடிவளி என்றால் இரண்டும் அடங்கும். மட்டக்களப்பு அக்கா சொன்ன "எரிவளி" எனக்கும் பிடித்திருந்தது, ஆனால் எரிவாயுவுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. காஸ் சிலிண்டர் உள்ள இடம் என்று நினைத்துவிடுவார்கள். "வெடி" என்றதும் துவக்குச் சூடு நினைவுக்கு வரும் என்ற அவருடைய ஆட்சேபம் நியாயம்தான். இருந்தும், அந்தத் தம்பிக்கு வெடிக்கும் என்ற ஒன்றாவது தெரிந்திருந்தால் போனை எடுத்திருக்க மாட்டான்.

அடுத்து "வலயம்". கட்டுநாயக்க வர்த்தக வலயம், கல்வி வலயம் என்று இங்கே பழகிய சொல். தமிழ்நாட்டில் மண்டலம் என்பீர்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. "பிரிவு" மட்டும் வேண்டாம். அமெரிக்க முறையில் வாயு, தூசு, நார் என்று மூன்று வகுப்புகள், ஒவ்வொன்றிலும் இரண்டு பிரிவுகள். அந்தச் சொல் அங்கே தேவைப்படும்.

உண்மையான தலைவலி எண்களில். சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழுவின் 60079 நியமத் தொடரில் வாயு வலயங்களுக்கு 0, 1, 2. தூசுக்கு 20, 21, 22. எண் குறையக் குறைய நிலைமை மோசம். பூச்சியம் என்றால் ஆபத்தே இல்லை என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள், நானும் ஒருகாலத்தில் எடுத்துக்கொண்டவன்தான். எண்களை மாற்ற முடியாது. பக்கத்தில் ஒரு பெயர் வைக்கலாம்: நிலை, வரவு, பிசகு.

மூடிய கலவைத் தொட்டியின் உள்ளே, திரவத்துக்கு மேலுள்ள காலி இடத்தில் வெடிவளி எப்போதும் இருக்கும். அது நிலைவலயம், 0. அதே தொட்டியின் மூடியைத் திறந்து ஊற்றும் வாய்ப்பக்கம், வழக்கமான வேலையிலேயே அவ்வப்போது வந்துபோகும். அது வரவுவலயம், 1. மூடிய டிரம்கள் நிற்கும் இடத்தில் டிரம் ஓட்டையானாலோ கவிழ்ந்தாலோதான் வரும், வந்தாலும் நீண்ட நேரம் நிற்காது. அது பிசகுவலயம், 2. "தவறுவலயம்" என்று எழுதிப் பார்த்தேன், தவறான வலயம் என்று கேட்கிறது. பிசகில் அந்தத் தொல்லை குறைவு.

இடையில் ஒன்று. இப்படிப்பட்ட இடங்களில் சுவிட்ச் போன்றவற்றை உள்ளே வைத்துப் பூட்டும் "பிளேம்புரூப் பெட்டி" என்பதை எங்கள் ஆட்கள் ஒரு கையேட்டில் "தீப்பிடிக்காத பெட்டி" என்று மொழிபெயர்த்திருந்தார்கள். முழுப் பிழை. அந்தப் பெட்டிக்குள் வெடிவளி போகும், உள்ளே வெடிக்கவும் செய்யலாம். பெட்டி அதைத் தாங்கும். இணைப்பின் குறுகிய இடைவெளி வழியே வருவதற்குள் சுவாலை குளிர்ந்துவிடும், வெளியே உள்ளதைப் பற்றவைக்காது. ஒரு ஆணி குறைந்தாலும் கதை முடிந்தது. "வெடியடக்கிப் பெட்டி" என்றால் ஆணியை ஏன் எண்ணிப் பூட்ட வேண்டும் என்பதும் புரியும்.

பொருட்களின் வகைப்பாட்டை இதோடு சேர்க்க வேண்டாம். அது தனிக் கணக்கு. அபாயப் பொருட்களுக்கான ஐ.நா. போக்குவரத்து முறையில் 9 வகுப்புகள். 2021 மே 20 அன்று கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் இருந்த 25 தொன் நைத்திரிக் அமிலம் 8ஆம் வகுப்பு, அரிப்பன. நீர்கொழும்புக் கரையில் மாதக்கணக்காகப் பொறுக்கிய பிளாஸ்டிக் குறுணிகள் எந்த வகுப்பிலும் இல்லை. "அபாயப் பொருள்" என்ற சொல்லுக்கு ஒரு பட்டியல் அர்த்தமும் ஒரு ஊர் அர்த்தமும் இருப்பது அங்கே தெரிந்தது. அதைத் தனியாகப் பேசுவோம்.

இப்போதைக்குப் பலகை. எழுதுகிறவர் திங்கட்கிழமை வருகிறார். இரண்டடிப் பலகை, மூன்று மொழி. தமிழுக்கு இரண்டு வரிதான் கிடைக்கும்: "வெடிவளி வலயம் 2 (பிசகு)", கீழே "போன், டோர்ச், தீப்பெட்டி கொண்டுபோகாதீர்". வேறு சொல் வைத்திருப்பவர்கள் ஞாயிறு இரவுக்குள் எழுதிவிடுங்கள்.