விர்ட்-மேனேஜரில் (மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் செயலி) கரண்ட் போய் வந்தால் பிரிண்டர் கழன்றுவிடுகிறது, வழி உண்டா?

பாம்பனில் ஒரு மீன் கடை. உபுண்டு 24.04, 8 ஜிபி ரேம். பழைய பில்லிங் மென்பொருளுக்காக மட்டும் கேவிஎம்மில் (லினக்ஸுக்குள் மெய்நிகர் கணினியை ஓட்டும் வசதி) விண்டோஸ் 7, அதற்கு 2 ஜிபி.

முதலில் க்னோம் பாக்ஸஸில்தான் (இதே வேலைக்கான எளிய செயலி) போட்டது. நிறுவ அதைவிடச் சுலபம் வேறில்லை. ஆனால் அது மெய்நிகர் மெஷினைப் பயனர் செஷனில் (அந்த ஒரு பயனருக்கு மட்டும்) உருவாக்கும். விர்ட்-மேனேஜர் திறப்பதோ கணினி முழுவதற்கும் பொதுவான சிஸ்டம் இணைப்பை. அதனால் மெஷின் பட்டியலில் தெரியாது. பதறாமல் ஃபைல் மெனுவில் யூசர் செஷன் இணைப்பைச் சேர்த்தால் வந்துவிடும். இப்போது எல்லாம் சிஸ்டம் பக்கம் மாற்றியாயிற்று.

சிக்கல் யூஎஸ்பி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில். அது யூபிஎஸ்ஸில் இல்லை. கரண்ட் போய் வந்ததும் (வள்ளம் கரை சேரும் நேரம் பார்த்துத்தான் போகும்!) பிரிண்டருக்குப் புது டிவைஸ் எண் விழுகிறது, 004 என்பது 005 ஆகிவிடும். மெஷின் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஹார்ட்வேர் பட்டியலில் ரிமூவ் செய்து மறுபடி ஆட் செய்தால் ஓடும். கல்லாவில் இருக்கும் அக்காவிடம் இதைச் சொல்ல முடியுமா?

பிரிண்டர் அணைந்திருந்தால் மெஷினே எழும்பாத தொல்லை, மெஷினின் எக்ஸ்எம்எல் அமைப்பில் பிரிண்டருக்கான ஸ்டார்ட்அப் பாலிசியை ஆப்ஷனல் ஆக்கியதும் தீர்ந்தது.

யூடெவ் விதி (சாதனம் செருகப்பட்டதும் லினக்ஸ் என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை) எழுதித் தானாக இணைய வைத்தவர்கள் யாராவது? இல்லை, உபுண்டுவின் அச்சு சேவையான கப்ஸில் ரா க்யூ (வரும் தரவை மாற்றாமல் பிரிண்டருக்கு அனுப்பும் வரிசை) வைத்து, 192.168.122.1 (மெஷினுக்கு உபுண்டு தெரியும் முகவரி) வழியாக நெட்வொர்க் பிரிண்டராகக் கொடுத்தால் பில் கிழிக்கும் இடம் தப்பாமல் நிற்குமா?

கேவிஎம்முக்கு மாற்றான விர்ச்சுவல்பாக்ஸில் யூஎஸ்பி ஃபில்டர் பிரிண்டரைத் தானே பிடித்துக்கொள்ளும், தெரியும். உபுண்டுவின் கெர்னல் மாறும்போதெல்லாம் அதன் மாட்யூலை மறுபடி கட்ட வேண்டுமே, அதனால் அது வேண்டாம்.