அவசர வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு ரைல்ஸ் டியூப்: உங்கள் வார்டில் என்ன வழக்கம்?

சர்ஜரி வார்டில் வேலை பார்க்கும் டாக்டர்கள், நர்ஸ்கள் கொஞ்சம் உதவுங்கள். அல்சர் ஓட்டை, குடல் அடைப்பு என்று நடுராத்திரியில் வந்து அவசரமாக வயிற்றைத் திறந்தவர்களுக்கெல்லாம் எங்கள் வார்டில் ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக இரைப்பைக்குள் விடும் குழாய்) போட்டு, காற்று பிரியும்வரை எடுக்காமல் வைத்திருக்கிறோம். பையில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர்தான் இருக்கும், ஆனாலும் டியூப் அப்படியே. தொண்டை வறண்டு எச்சில் விழுங்கவே முகம் சுளிக்கிறார்கள், இருமினால் தையலும் தொண்டையும் சேர்ந்து வலிப்பதால் சளியை வெளியேற்றாமல் அடக்கிக்கொள்கிறார்கள். பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

2007-இல் வந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் அமைப்பு) தொகுப்பாய்வில் 33 ஆய்வுகள், 5,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். வழக்கத்துக்காக டியூப் வைக்காதவர்களுக்குக் குடல் சீக்கிரம் இயங்கியது, குடல் தையல் கசிவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. சரி, ஆனால் அதில் பெரும்பாலும் முன்கூட்டியே திட்டமிட்ட ஆபரேஷன்கள். சீழ் பரவி, குடல் வீங்கிக் கிடக்கும் வயிற்றுக்கும் அதே முடிவு பொருந்துமா என்பதுதான் என் கேள்வி. அடைப்போடு வருபவருக்கு மயக்க மருந்துக்கு முன் டியூப் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்குப் பிறகுதான் குழப்பம்.

நீங்கள் எப்போது எடுக்கிறீர்கள்? மறுநாள் காலையிலேயேவா, இல்லை பையில் சேரும் தண்ணீர் எத்தனை மில்லிக்குக் கீழே வந்ததும்? ஓட்டையை ஓமென்டம் (குடலை மூடியிருக்கும் கொழுப்புப் படலம்) வைத்துத் தைத்தவர்களுக்கும் சீக்கிரம் எடுக்கிறீர்களா? எடுத்தபின் வாந்தி, வயிறு உப்பல் என்று திரும்பப் போட வேண்டியது எத்தனை பேருக்கு வருகிறது? எழுதி வைத்த நடைமுறை இருந்தால் தயவுசெய்து பகிருங்கள், எங்கள் யூனிட் சீஃப்பிடம் காட்டிப் பேச வேண்டும்.