சிந்து எல்லைக் குதிரைப்படை குறித்து உதவி வேண்டுகிறேன்

குழு நண்பர்களுக்கு வணக்கம். 1847-இல் ஆங்கிலேய அதிகாரி ஜான் ஜேக்கப்பின் தலைமையில் (இன்றைய பாகிஸ்தானிலுள்ள) மேல் சிந்து எல்லைக்கு அனுப்பப்பட்ட சிந்து குதிரைப்படையைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதி வருகிறேன்.

பலூச் பழங்குடியினரான புக்திகளின் மலைகளிலிருந்து இறங்கிவந்து சமவெளிக் கிராமங்களின் கால்நடைகளைக் கவர்ந்து சென்றவர்களை, அதற்கு முன்பிருந்த படையினர் கோட்டைகளுக்குள் இருந்தபடியே தடுக்க முயன்று தோற்றனர். ஜேக்கப்போ கோட்டைகளை நம்பாமல், பாலைவன விளிம்பில் இரவும் பகலும் ரோந்து சுற்றும் சிறு குதிரைப் பிரிவுகளை நிறுத்தியதோடு, எல்லைக் குடிகள் அனுமதியின்றி ஆயுதம் ஏந்துவதையும் தடுத்தார். இந்த இரண்டாவது நடவடிக்கையே, என் கணிப்பில், முதலாவதைவிட முக்கியமானது. அவர் தங்கியிருந்த கான்கர் என்னும் சிற்றூர்தான் பின்னர் ஜேக்கபாபாத் ஆயிற்று.

எனக்கு உதவி தேவைப்படுவது சிலாதார் முறை குறித்து. குதிரை, சேணம், தீவனம் ஆகியவற்றை வீரனே தன் சம்பளத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டில், துரத்தலின்போது குதிரை இறந்துவிட்டால் இழப்பை ஈடுசெய்தது யார்? தண்ணீர் அரிதான அந்நிலத்தில் ரோந்துப் பிரிவுகள் தீவனத்தை எவ்வாறு கொண்டுசென்றன? மராத்தியர் படையிலும் இருந்த முறை என்பதால், தஞ்சை மராத்தியரின் மோடி எழுத்து ஆவணங்களைப் படித்தவர்கள் 'சிலாதார்', 'பார்கீர்' (பிறர் அளித்த குதிரையில் பணிபுரியும் வீரன்) ஆகிய சொற்களுக்கு அக்காலத் தமிழ் வழக்கு ஏதேனும் கண்டிருந்தால் தெரிவியுங்கள்.

ஆங்கிலேய அதிகாரிகளின் அறிக்கைகள் என்னிடம் உள்ளன. அவை மலைவாசிகளைக் கொள்ளையர் என்றே குறிப்பிடுவதால், புக்தி, மர்ரி என்னும் பலூச் மக்களின் வாய்மொழிப் பாடல்களையோ நினைவுகளையோ அறிந்தவர்கள் வழிகாட்டினால் பெரிதும் நன்றியுடையவனாவேன்.