பழைய வாக்காளர் பட்டியலில் நம் வீட்டு ஆட்களைத் தேடிய அனுபவம்

குடமுருட்டி:
2025 நவம்பரில் எஸ்.ஐ.ஆர். (வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம்) படிவம் வந்தபோது எல்லாரையும் போல நானும் 2002 பட்டியலைத் திறந்தேன். அப்பா பெயரைத் தேடப் போய் தெருவே கிடைத்தது. எங்கள் ஊர் இப்போது நன்னிலம் தொகுதி. 2008 தொகுதி மறுசீரமைப்புக்கு முன் வலங்கைமான் என்றே ஒரு தொகுதி இருந்ததே, அதில்தான் ஊரைப் பிடிக்க முடிந்தது. குத்தாலத்துக்காரர்களும் இப்படித்தான் தேட வேண்டும். அந்தத் தொகுதியும் இப்போது இல்லை.

பெயரை வைத்துத் தேடினால் ஓயாது. பக்கிரிசாமியும் கோவிந்தராசுவும் எங்கள் பக்கம் தெருவுக்கு இரண்டு பேர். பட்டியல் வீட்டு எண் வரிசையில் போகும். பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்துவிட்டால் நம் வீடு தானாக வந்துவிடும். அப்புறம் சும்மா மேலும் கீழும் பாருங்கள். பெரியப்பா குடும்பமும் நாங்களும் ஒரே கதவு எண்ணில் இருந்தோம். அப்போது பாகப்பிரிவினை ஆகவில்லை போலிருக்கிறது (ஊகம்தான், பத்திரம் இல்லை).

அரசலாறு:
வயதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 2002 ஜனவரி 1 அன்று 52 என்றால் பிறந்தது 1949 என்று வரும். அதுவும் வாசலில் நின்ற யாரோ சொன்ன வயது. எங்கள் அப்பாயிக்கும் அவர் மூத்த மகனுக்கும் 11 வயதுதான் வித்தியாசம்! இன்னொன்று, 1989க்கு முந்தைய பட்டியல் என்றால் 21 நிரம்பியவர்கள்தான் இருப்பார்கள். 19 வயதுச் சித்தப்பா அதில் இல்லை என்பதற்காக அவரைக் கப்பலேற்றிவிடாதீர்கள்.

வெட்டாறு:
பெண்களைத் தேடுவதுதான் பெரிய பாடு. அத்தையைப் பிறந்த ஊரில் தேடிப் பயனில்லை. புகுந்த ஊரில், மாமா பெயரை வைத்துத்தான் கிடைத்தார். மாமா இறந்து பல வருடம் ஆகியும் கணவர் பெயர் என்ற இடத்தில் அவரே இருந்தார். அந்தக் கட்டத்தைப் பார்த்து ஆள் உயிரோடு இருந்ததாக எழுதிவிடக் கூடாது. 1951-52 முதல் தேர்தலில், தன் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே பதிந்ததால் சுமார் 28 லட்சம் பெண்களை நீக்கினார்கள். பெரும்பாலும் வட மாநிலங்களில்.

அதற்கும் முன்னால் போனால் வரி, சொத்து, படிப்பு இருந்தவர்களுக்குத்தான் ஓட்டு. மிராசுதார் வீட்டுப் பேரனுக்கு அந்தப் பட்டியல் உதவும். எங்கள் தாத்தா பண்ணையாள். அவர் காலத்துக்கு ஊரில் வயதானவர்களைக் கேட்டுத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.